திரைக்குப் பின்னால் நிறப்பாடம்

சூறாவளி வந்துபோய் இரண்டு வருஷம் கழித்து மருதமுனைக்குப் போர்வை வந்தது. போர்வையே வந்திருந்தாலும் பரவாயில்லை, போர்வை தைக்கும் பயிற்சி வந்தது. தகரக் கூரையின் கீழ் வெறும் பாயில் படுத்தாலே வியர்த்துக் கொட்டும் ஊரைப் பார்த்து ஒரு வெளிநாட்டு நிதியத்துக்கு இந்த ஞானம் எப்படி உதித்ததோ தெரியாது. தறி வீடுகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைப் பொருத்தி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, குளிர்தேசத்துக்கு அனுப்புவது திட்டம். தையல் படிப்பிக்க ஆள் வேண்டாம், நிறமும் வடிவமைப்பும் படிப்பிக்கத்தான் ஒருவர் வேண்டும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பெண்கள் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவர்கள் என்று கொழும்புக்கு யாரும் எழுதிப் போடவில்லை.

நிறம் தெரிந்தவர் யார் என்று விசாரித்தபோது ஊர் முழுக்க ஒரே பெயரைச் சொன்னது. பதியுதீன் மாஸ்டர். முப்பத்திரண்டு வருஷம் சித்திரம் படிப்பித்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். அவர் பென்சில் பிடித்து ஒரு மாட்டைக் கீறினால் அது கத்தாததுதான் குறை என்பார்கள். கவராயம் இல்லாமல் வெறும் சோக்கட்டியால் வட்டம் போடுவார். ஊரில் அவருக்கு அப்படி ஒரு மதிப்பு.

மாஸ்டரிடம் ஒரேயொரு குறை இருந்தது. அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. இரண்டும் அவர் கண்ணுக்கு ஒரே சேற்று நிறம். இந்தச் சங்கதி அவருடைய மனைவி ஆயிஷா உம்மாவுக்கு மட்டும் தெரியும். பழுத்த மிளகாய் பறித்து வா என்றால் காயும் பழமுமாகக் கலந்து கொண்டுவந்து கொடுத்த மனிதரை எந்த மனைவி கண்டுபிடிக்காமல் இருப்பாள்? பள்ளிக்கூடத்தில் அவரைக் காப்பாற்றியவை சாயப் போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்கள். இலை பச்சை, செவ்வரத்தைப் பூ சிவப்பு என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். பக்கத்துப் பட்டணமான கல்முனையில் அந்த நாளில் சிக்னல் விளக்கும் இல்லை. ஆகவே ஒரு மனிதர் கௌரவமாக வாழ்ந்துவிட்டார்.

துணித் துண்டில் நிறத்தின் பெயரை யார் எழுதி ஒட்டுவார்கள்? அதனால் முடியாது என்று சொல்லத்தான் மாஸ்டர் பயிற்சி நடக்கவிருந்த நெசவாளர் சங்கக் கட்டடத்துக்குப் போனார். அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார் பளீல் முந்திக்கொண்டார். கல்முனை பஸாரில் சாமான் கடை வைத்திருப்பவர், எதையும் முறையாகச் செய்கிற ஆள். படிப்பிக்கிறவர் ஆண், படிக்கிறவர்கள் பதினெட்டுப் பெண்கள், ஆகவே நடுவில் திரை கட்டாமல் வகுப்பு நடக்காது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். நிறத்தைத் திரைக்குப் பின்னால் நின்று எப்படிப் படிப்பிப்பது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டருக்கு மட்டும் மனசுக்குள் குளுகுளு என்று இருந்தது. அல்லாஹ் ஒரு கதவை அடைப்பதற்குப் பதிலாக ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு சம்மதித்துவிட்டார்.

வகுப்பு அமோகமாக நடந்தது. இந்தப் பக்கம் மாஸ்டரும் கொழும்பு அனுப்பிய நிறச்சக்கரமும், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் கயிற்றில் கட்டிய ஒரு படுக்கை விரிப்பு. எதிர் நிறங்கள், இணக்க நிறங்கள், சூடான நிறங்கள், குளிர்ந்த நிறங்கள் என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் அவர் விரிப்பைப் பார்த்துப் பொழிந்து தள்ளினார். பெண்கள் துண்டுகளைத் திரைக்கு அடியால் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதிச் சீட்டுக் குத்தியிருக்க வேண்டும். ஒழுங்கு வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சீட்டு என்று மாஸ்டர் விளக்கம் கொடுத்தார். ஒழுங்கென்றால் அப்படியிருக்க வேண்டும் என்று பளீல் மரைக்கார் கடையில் எல்லோரிடமும் புகழ்ந்தார்.

பதினெட்டுப் பேரில் றம்லா என்றொருத்தி இருந்தாள். அவள் வீட்டுக் கூரையைச் சூறாவளி கொண்டுபோனது, புருஷனைச் சவூதி கொண்டுபோனது. கூரையின் தகரத்தையாவது பக்கத்து ஊர் பாண்டிருப்பில் ஒரு வீட்டு வளவில் கண்டெடுத்தார்கள், புருஷனிடமிருந்து ஒரு வருஷமாகக் கடிதம்கூட இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். அந்த ஊரில் பெண்பிள்ளை பெற்றவள் வீடும் கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். பயிற்சி முடிவில் முதலாவதாக வருகிறவருக்கு அங்கேயே மாதச் சம்பளத்தில் பயிற்றுநர் வேலை என்று அறிவித்திருந்தார்கள். றம்லா அந்த வேலைக்காகவே தைத்தாள்.

கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு முழுப் போர்வை தைக்க வேண்டும். றம்லாவின் போர்வையைப் பார்க்க அக்கம்பக்கத்துத் தறி வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். கல்யாணப் பட்டுச் சிவப்பும் வாழைக் குருத்துப் பச்சையும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடும் வேலை அது.

பதினெட்டுப் போர்வைகளும் மாஸ்டரின் பக்கம் கொடியில் தொங்கின. முழுப் போர்வையில் சீட்டுக் குத்தச் சொல்லக் கடைசிவரை அவருக்கு ஒரு சாட்டு அகப்படவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு மதிப்பெண் போட உட்கார்ந்தார். ஸைனம்பு என்ற பெண்ணின் நீலமும் மஞ்சளும் அவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தன, முதல் இடம் கொடுத்தார். றம்லாவின் போர்வையை இந்த மூலையில் நின்று பார்த்தார், அந்த மூலையில் நின்று பார்த்தார். தலை முதல் கால் வரை சேறு. இவளுக்கு ஆறு மாதம் தொண்டை வறளப் படிப்பித்தோமே என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. மதிப்பெண் தாளில் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: "நிற வேறுபாடு எதுவும் காணப்படவில்லை." பதினெட்டாம் இடம்.

மறுநாள் பகல், அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு றம்லா ஒரு துணையோடு வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. திரைக்கு அடியால் இரண்டு துண்டுகளைத் தள்ளினாள்.

"சேர், இதில எது சிவப்பு?"

"சீட்டு எங்க?" என்றார் மாஸ்டர், பழக்க தோஷத்தில்.

"சீட்டு இல்ல சேர். துண்டு மட்டுந்தான்."

மாஸ்டர் இரண்டையும் கையில் எடுத்தார், ஜன்னல் பக்கம் பிடித்தார், தடவியும் பார்த்தார். தடவினால் நிறம் சொல்லுமா? ஏதோ ஒரு தைரியத்தில், பெரிய துண்டுதான் சிவப்பு என்றார்.

"ரெண்டும் சிவப்பு சேர்," என்றாள் றம்லா. "எனக்கு ரெண்டு குமர்ப் புள்ளைகள் இரிக்கி." அவ்வளவுதான். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

அன்று மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டலில் பிழை என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று யோசித்தார். அந்தப் பாழாய்ப்போன கையெழுத்து வாக்கியம் அவர் கையொப்பத்துக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்தது. கூட்டல் பிழைக்கும் நிற வேறுபாட்டுக்கும் எந்தப் பைத்தியக்காரன் முடிச்சுப் போடுவான்? வெளிச்சம் போதவில்லை என்று சொல்லலாமென்றால், மதிப்பெண் போட்டது பட்டப்பகல். கடைசியில் ஆயிஷா உம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கறிச்சட்டியை மூடி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்க, முப்பது வருஷமா ஒங்களுக்குச் சாரனும் சேட்டும் நான்தான் பார்த்து எடுத்துத் தாறன். ஆருக்கிட்டயும் சொன்னதில்ல, இனியும் சொல்லமாட்டன். ஆனா அந்தப் புள்ளட வீட்ட ஆர் கட்டிக் குடுக்கப் போறா? நீங்களா?"

மாஸ்டர் கை கழுவிவிட்டு எழுந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கண் தெரியாததற்காக அல்ல, கோபத்தோடு அந்த வாக்கியத்தை எழுதியதற்காக.

சான்றிதழ் வழங்கும் நாளில் கொழும்பிலிருந்து ஒரு பெண் அதிகாரி காரில் வந்தார். ஒலிபெருக்கி, மாலை, கிறாஅத் ஓதல், நெக்டோ சோடா, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆண்கள் முன்னால், பெண்கள் அதே படுக்கை விரிப்புக்குப் பின்னால். அதிகாரி எழுந்து, நிறக் கல்வியை ஒரு கிராமத்துக்குக் கொண்டுவந்த பெரியவர் என்று மாஸ்டரைப் பாராட்டத் தொடங்கியதும் மாஸ்டர் போய் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டுதான்," என்றார். "புறந்ததிலயிருந்து அப்படித்தான். றம்லாட போர்வைய நான் பாக்கவே இல்ல. பாத்ததெண்டு மார்க் போட்டது பொய். தெரிஞ்ச ஆக்கள் பாத்துப் போடுங்க."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கூடம் சிரித்தது. சும்மா சிரிக்கவில்லை, தோளில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தது. அவரிடம் படித்த ஓவசியரும் கிளாக்கரும் தபால்காரரும் சிரித்தார்கள். நாளைக்கு மீன் சந்தையில் இதுதான் கதை என்று மாஸ்டருக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் மட்டும் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அதிகாரி றம்லாவின் போர்வையை மேசையில் விரிக்கச் சொன்னார். விரித்ததும் சிரிப்பு தானாக அடங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மாஸ்டரின் அழகான வாக்கியத்தை ஒரே கோட்டில் வெட்டினார். வேலை றம்லாவுக்கு என்று அங்கேயே அறிவித்தார். ஸைனம்புவுக்கு இரண்டாம் இடம். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

சனம் கலைந்தது. கதிரையில் தனியாக இருந்த மாஸ்டருக்கு அவமானம் அவமானமாகவே இருந்தாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. பளீல் மரைக்கார் பக்கத்தில் வந்து நின்றார். சிரித்தவர்களில் அவர் இருந்தாரா என்று மாஸ்டர் கவனித்திருக்கவில்லை. வழக்கமான மரைக்கார் குரல் இல்லாமல், வாய்க்குள்ளேயே கதைத்தார்.

நாலாம் வகுப்பில் மாஸ்டரிடம் படித்தபோது பளீல் ஒரு மாமரம் கீறினாராம். கையிலிருந்தவை யாரோ கொடுத்த, நிறத்தின் பெயர் எழுதிய உறை கிழிந்துபோன பேஸ்டல் துண்டுகள். இலைக்குச் சிவப்புப் பூசியிருக்கிறான், இவனுக்குக் கண் பொட்டை என்று சொல்லி மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் பிரம்பால் அடித்தாராம். அன்றோடு அவர் கீறுவதை விட்டுவிட்டார். புடவை எடுப்பதென்றால்கூட இன்றுவரை மனைவியைத்தான் அனுப்புகிறார், தனக்கு நிறம் தெரியாது என்று.

"நான் பூசினது பச்சதானே சேர்?" என்று கேட்டார் பளீல்.

ஓம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நாற்பது வயது மனிதர் அதற்காகத்தான் நின்றார். மாஸ்டர் அவர் முகத்தையே பார்த்தார். அப்படி ஒரு பையனோ, மாமரமோ, அடியோ அவருக்கு நினைவுக்கு வரவேயில்லை. இப்படி எத்தனை பேரை அடித்தோம் என்ற நினைப்பு மட்டும் வந்தது.

"எனக்குத் தெரியா மனே," என்றார்.