அக்கா பிடித்துக் கொடுத்த அறை

சனிக்கிழமை நண்பகலில் கப்பல் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். எங்கள் ஊர் உபெராபாவிலிருந்து சாண்டோஸ் துறைமுகத்துக்குப் பேருந்தில் பத்து மணி நேரம். வழியில் ஒரு டயர் வெடித்தால் போதும், பன்னிரண்டு தவணைகளில் வாங்கிய கடற்பயணம் நம்மைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே முந்தின நாளே சென்று ஓர் இரவு தங்கியாக வேண்டும்.

அந்த இரவுக்கு அறை தேடும் பொறுப்பு என்மீது விழுந்தது. உடன் வருகிறவர்கள் பல் மருத்துவர் ஒத்தாசிலியோவும் அவர் மனைவியும்; மருத்துவர் என் மகளை மணக்கப்போகிறவனின் தந்தை. திருமணத்துக்கு முன் இரு குடும்பமும் நெருங்கிப் பழகட்டும் என்று இந்தப் பயணத்தை முடிவு செய்தவரும் அவரே.

"ஒரு ராத்திரிதானே, சம்பந்தி. அரண்மனையா வேணும்? சுத்தமா, கையக் கடிக்காம இருந்தா சரி. சாண்டோஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க" என்றேன்.

இருந்தாள். என் உடன்பிறந்த அக்கா ஒந்தினா, அந்த ஊரில் இருபத்தாறு ஆண்டுகளாக இருந்தாள். உப்புநீர்க் கால்வாயின்மேல் மரக்கால்களில் நிற்கும் பலகை வீடுகளில் ஒன்று அவளுடையது. ஊராரின் வீடுகளையும் விடுதிகளையும் துடைத்துப் பெருக்குவது அவள் தொழில். தாய் இறந்தபோது அவளுக்கு வயது பதினான்கு, எனக்கு ஆறு. அவள் அந்நியர் வீட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.

படித்த படிப்பைக்கொண்டு நான் ஆசிரியர் சங்கத்துச் செயலாளர் ஆனேன். மேடை ஏறினேன். முதலாளிக்கு ஒரு லிஃப்ட், வேலைக்காரருக்கு ஒரு லிஃப்ட் என்று பிரித்து வைத்திருக்கும் நம் நாட்டுக் கட்டடங்களைச் சாடி, "மேலே ஏற்றும் பெட்டியிலுமா மேல் கீழ்?" என்று துண்டறிக்கை எழுதி, தெருத்தெருவாக வழங்கினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நம்பினேன்.

மூன்று வாரம் தேடினேன். கோடைக்காலம், துறைமுகத்தருகே ஓர் அறையின் வாடகை கப்பல் கட்டணத்தில் பாதியைக் கேட்டது. மலிவான விடுதிகளோ, படங்களில் திரைச்சீலையை மட்டும் காட்டி மெத்தையை மறைத்தன. வேறு வழியின்றி அக்காவை அழைத்தேன்.

"ஹோட்டலா? எதுக்குடா? உன் பொண்டாட்டிக்குக் கட்டில் இருக்கு, உனக்கு வலை ஊஞ்சல் கட்டிடறேன். சம்பந்திக்குத் தரையில பாய். கவலைப்படாதே, ராத்திரி தண்ணி ஏறினா அதுவே தாலாட்டும்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"சரி, தம்பி" என்றாள் பிறகு. "ஹோட்டலே பாக்கறேன். இந்த ஊர்ல நான் தேய்க்காத கக்கூஸு எது? எந்தக் கட்டில்ல மூட்டைப்பூச்சி, எந்தக் குழாய்ல தண்ணி வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டே நாளில் அறை கிடைத்தது. ஹோட்டல் மிராண்டினா, கடற்கரையிலிருந்து நான்காவது தெரு, பாதி வாடகை, காலை உணவும் சேர்த்து. பதினொரு ஆண்டுகள் அவள் வேலை செய்த இடம். "கோழி வறுத்து எடுத்தாரேன். உன் முகத்தை ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள். நான்கு மணிக்கு வரச் சொன்னேன். அந்நேரம் சம்பந்தி வீட்டார் கடற்கரையில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டே சொன்னேன்.

"கெட்டிக்காரர் சம்பந்தி நீங்க. எப்படிப் பிடிச்சீங்க இந்த விலைக்கு?" என்றார் மருத்துவர்.

"ரொம்பத் தேடினேன்" என்றேன். அந்தப் பாராட்டையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பேருந்து சாண்டோஸுக்குள் நுழைந்தபோது, கடற்கரையோரத்தில் ஒரு குடும்பம் பெரிய பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து, வறுத்த மரவள்ளி மாவில் கோழியைப் புரட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"பாருங்க, மாவுமூட்டைக் கூட்டம் வந்தாச்சு" என்றார் மருத்துவர். "கடலைப் பாக்க வர்றப்பவும் அடுப்படியைத் தலையில தூக்கிட்டு வந்துடுவாங்க."

அவர் மனைவி சிரித்தாள். நான் அவளைவிட உரக்கச் சிரித்தேன். என் மனைவி சுலெய்தி மட்டும் சன்னலைப் பார்த்தாள்.

மிராண்டினா பழைய கட்டடம். ஆனால் படுக்கை விரிப்பில் கஞ்சி மணந்தது. மருத்துவர் மெத்தையை அமுக்கிப் பார்த்து மனநிறைவோடு தலையாட்டினார். மூன்று மணிக்கு அவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். நான் மூன்றாம் மாடி நடையில் காத்து நின்றேன். நடையின் முடிவில் இரண்டு லிஃப்ட் கதவுகள் அருகருகே இருந்தன. ஒன்று விருந்தினருக்கு, மற்றது வேலையாட்களுக்கு. நடுவில், யாரையும் பிரித்து நடத்தலாகாது என்ற சட்டத்தைப் பொறித்த தகடு பளபளத்தது.

மழை பிடித்துக்கொண்டது.

மழைக்குப் பயந்து சம்பந்தி வீட்டார் திரும்பினார்கள். அவர்களுடைய லிஃப்ட் திறந்த அதே நேரத்தில் பக்கத்துக் கதவும் திறந்தது. வேலையாட்கள் லிஃப்டிலிருந்து என் அக்கா இறங்கினாள். ஒரு கையில் அடுப்படித் துணியில் கட்டிய பாத்திரம், மறுகையில் நீர் சொட்டும் மஞ்சள் குடை. அதில் ஏறும்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பதினொரு ஆண்டுப் பழக்கம் கால்களை அங்கே இழுத்துப் போயிருந்தது.

"யாரு இது, சம்பந்தி?" என்றார் மருத்துவர்.

அக்காவின் வாய் சிரிப்போடு திறந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"இங்க வேலை செய்யற அம்மா. ராத்திரிக்குக் கோழி சொல்லியிருந்தேன்."

அவள் சிரிப்பு உடனே அணையவில்லை. அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு பாத்திரத்தை நீட்டினாள்.

"ஆமாங்கய்யா. அடி சுடும், துணியோட பிடிச்சுக்கங்க."

என் மூக்கைத் துடைத்துவிட்டவள் என்னை ஐயா என்றாள்.

மருத்துவர் சட்டைப்பையிலிருந்து பத்து ரெயால் தாளை எடுத்தார். அதன் மூலையில் பச்சை மை ஊறியிருந்தது. "மழையில வந்திருக்கீங்க, வச்சுக்கங்கம்மா."

நான் தடுக்கவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். "நல்லா இருங்க, டாக்டர்" என்றாள். அவர் மருத்துவர் என்று அங்கே யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதை உணர்ந்தவர்கள் இருவர்: நானும், அறை வாசலுக்கு வந்துவிட்ட சுலெய்தியும். "ஒந்தி..." என்று சுலெய்தி கூப்பிட்டு முடிக்குமுன் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. வந்த லிஃப்டிலேயே அக்கா இறங்கிப் போய்விட்டாள்.

மாவுமூட்டையைக் கேலி செய்த மருத்துவர், அதே மாவில் புரட்டிய அக்காவின் கோழியை இரவு உணவில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "மாவுல என்னதான் போட்டிருக்கா? வாழைப்பழமா? அந்தம்மா கை தங்கக் கை, சம்பந்தி." சுலெய்தி தொடவில்லை. அக்காவை நான்கு முறை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. படுக்குமுன் சுலெய்தி ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அந்த லிஃப்ட் நோட்டீஸ் எழுதினது நீங்கதானே?"

காலையில் சாவியைக் கொடுக்க வரவேற்பு மேசைக்குப் போனோம். அங்கிருந்த பெண் என்னிடம் ஓர் உறையை நீட்டினாள்.

"ஜெனேசியோ சார்தானே? உங்க அக்கா நேத்து இதைக் கொடுத்துட்டுப் போனாங்க. கிளம்பறப்போ தலையணைக்கு அடியில வச்சுடச் சொன்னாங்க. ரூம் கூட்டறவங்களுக்காம்."

"அக்காவா?" என்றார் மருத்துவர்.

"ஒந்தினா அக்காதான், சார். இங்கதான் இருந்தாங்க. என் தம்பி வர்றான், நல்ல ரூமா கொடுன்னு ஒரு வாரமா போன் பண்ணி உசிரை வாங்கிட்டாங்களே."

உறைக்குள் ஒரே ஒரு தாள். மூலையில் பச்சை மை.

மருத்துவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்தன.

"நான் யார் கையில காசு கொடுத்தேன், சம்பந்தி? பஸ்ஸுல நான் சொன்ன சொல்லாலயா மறைச்சீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதிச் சுமையை அவர் தோளுக்கு மாற்றியிருக்கலாம்.

"இல்லீங்க" என்றேன். "அதுக்கு முன்னாடியே."

உறையையும் சாவியையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். இரண்டு லிஃப்டிலும் ஏற எனக்குக் கால் வரவில்லை, படியேறிப் போனேன். பத்து ரெயாலைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, அடுப்படித் துணியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் கப்பல் புறப்பட்டது. சாண்டோஸில் ஒரு வழக்கம்: கப்பல் ஆழ்கடலுக்குத் திரும்பும் முனையில், கரைச்சுவர் நெடுக மக்கள் நின்று, யார் எவர் என்று தெரியாத பயணிகளுக்குக் கையசைப்பார்கள். "மீன் சந்தைக்கு எதிர்ல மஞ்சள் குடையோட நிப்பேன். நீ ஆட்டலேன்னா கல்லெறிவேன்" என்று அக்கா போன வாரம் சொல்லியிருந்தாள்.

தூறல் விடவில்லை. சுவர் நெடுகக் கறுப்புக் குடைகள், சிவப்புக் குடைகள், குடையில்லாத தலைகள். மீன் சந்தை நெருங்கியது. நான் கம்பியில் சாய்ந்து துணியை ஆட்டினேன். மருத்துவர் என் அருகில் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"எது உங்க அக்கா? காட்டுங்க, சம்பந்தி. நானும் கையாட்டணும்."

எதிரில் நின்ற அக்காவை மறைத்தவனிடம், அவளைக் காட்டச் சொல்லி ஒருவர் கேட்கிறார். காட்ட அவள் இல்லை. சந்தையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தேன். மஞ்சள் நிறமே இல்லை.

"காட்டுங்க" என்றார் மறுபடியும், மெதுவாக.

நான் துணியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கரையில் நின்ற யார் யாரோ அதைப் பார்த்து, மகிழ்ச்சியோடு பதிலுக்குக் கையசைத்தார்கள்.