தகட்டில் கிடந்த பனி

இந்தப் பனிநாட்டின் வடக்கில் வெளிச்சம் சாய்ந்தே வருகிறது. ஒக்டோபர் நண்பகலிலும் மரத்தைவிட நிழல் நீளம். மரங்கள் ஒல்லி. நூறு வயது மரம்கூட என் தொடையளவுதான் இருக்கும்.

அந்த மரங்களை எடைபோட விமானம் வரும். ரேடார் அலைகளைக் கீழே வீசும். திரும்பி வருவது எவ்வளவு பிரகாசம் என்று பார்த்து, ஹெக்டேருக்கு எத்தனை தொன் மரம் என்று கணக்கிடுவார்கள்.

நூறு தொன்னுக்கு மேல் என்றால் வெட்டுவதற்குப் பாதை வரும். குறைந்தால் காடு ரோசலிக்கு.

ரோசலி அங்கே பொறி வைத்து, தோலுக்காக மரநாய் பிடிப்பவள். ஆற்றோரமாக நாற்பது மைலுக்கு அவளுடைய பொறிகள். எந்த இடத்தில் பாசி காலை விழுங்கும் என்று எனக்குக் காட்டியவள்.

என் வேலை ஒரு தகடு. மூன்று உலோகத் தகடுகளை மூலைபோல் பொருத்தி, வானத்தைப் பார்க்க வைத்திருந்தோம். அது ரேடாரில் எவ்வளவு பளிச்சிடும் என்பது முன்பே தெரியும். அதை வைத்தே மற்ற எல்லாவற்றையும் அளப்பார்கள்.

தகடு மங்கினால், அதோடு ஒப்பிடும்போது காடு பிரகாசிக்கும். இல்லாத மரம் கணக்கில் முளைக்கும்.

ஆகவே தகட்டில் விழும் பனியைத் துடைக்க வேண்டும். விமானம் வருமுன் துடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் தூங்கிவிட்டேன்.

படிப்பைப் பாதியில் விட்டபின் ஆறு வருடம் ரொட்டி ஆலையில் இரவு வேலை. என் உடம்புக்குக் காலை என்பது படுக்கிற நேரம். லொறிக்குள் சூடு. கண்ணாடியில் ஈரப்பனி. விழித்தபோது விமானச் சத்தம் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

மரங்களில் பனி உருகி வடிந்திருந்தது. தகட்டுக்குள் மட்டும் முழங்கை ஆழத்துக்கு, குழைந்த சோறுபோலக் கிடந்தது. கையால் அள்ளிக் கொட்டினேன். இனி யாருக்காக?

திருச்செல்வம் அண்ணையிடம் சொன்னேன். ரொட்டி ஆலையிலிருந்து என்னை இழுத்து வந்தவர், எங்கள் குழுவின் பொறுப்பாளர். திரும்பப் பறக்கச் சொல்லுவோம் என்றேன். முதலில் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

பிறகு, "பனி கிடந்தது எண்டு எழுதினா முதல் உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்கள். பிறகு என்னை. காடு வந்து தன்ர நிறையைச் சொல்லப் போகுதே?" என்றார்.

"அப்ப ரோசலி, அண்ணை?"

"அவளுக்கு வேற காடு இருக்கும். உனக்கு வேற வேலை இருக்கோ?"

இல்லை.

படிவத்தில் 'தகடு சுத்தம்' என்ற கட்டத்தில் சரி போட்டேன். என் கைதான். யாரும் பிடித்துப் போடவைக்கவில்லை.

நூற்றுப் பதினெட்டு தொன் என்று வந்தது.

பெப்ரவரியில் பாதை வந்தது. வெட்ட வந்தவர்கள் மரங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இதற்கா இவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். பாதை போட்டாயிற்று என்பதால் வெட்டினார்கள். விழும்போது பெரிய சத்தம்கூட இல்லை.

ரோசலி பொறிகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு சாக்கு. யார் எடை போட்டது என்று கேட்டாள். விமானம் என்றேன். விமானத்தோடு யார் சண்டை பிடிப்பது என்றாள்.

அவளுடைய லொறியின் பின்கதவைத் திறந்து பிடித்தேன். சாக்குகளை ஏற்றினாள்.

எனக்கு நன்றி சொன்னாள்.