திருப்பத்தில் அறும் பேச்சு

பிரசவ அறையைத் தாண்டித் திரும்பியதும் போனில் கணவனின் குரல் அறுந்தது. "வீடு வாடகைக்கு, தண்ணீர் வசதி..." என்பதோடு நின்று, அவள் சில அடிகள் வைத்தபின் "குழந்தைகள் இல்லாதவர்களுக்கு முன்னுரிமை" என்று வந்து ஒட்டிக்கொண்டது. கீழே வரவேற்பறையில் உட்கார்ந்து செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தான். சோதனை அழைப்பில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். வீட்டில் இத்தனை வார்த்தை அவர்களுக்குள் புழங்கி மாதக்கணக்காகிறது.

நர்ஸுகள் நடந்தபடியே டாக்டரிடம் பேச வைஃபை போன்கள் அமைப்பது இருவருக்கும் வேலை. இந்த மகப்பேறு மருத்துவமனைக்கு வேறு ஆளை அனுப்பட்டுமா என்று முதலாளி தயங்கியபோது, "எந்த எடமா இருந்தா என்ன சார்" என்றாள். குழந்தைகள் அழுவது கேட்டால் உடைந்துவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது உள்ளே.

"இந்தத் திருப்பத்துலதாம்மா கட் ஆகுது. டாக்டர்கிட்ட பேசிட்டே ஓடுறப்ப உயிரே போயிடும்" என்றார் தலைமை நர்ஸ்.

ஒரு வைஃபை பெட்டியின் எல்லை முடிந்து அடுத்ததற்குள் போகும்போது, அது போனை நிறுத்தி நீ யார் என்று முதலிலிருந்து விசாரிக்கிறது. அதுவரை பேச்சு வெளியே நிற்கிறது.

நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப அந்தப் பூட்டு, பாஸ்வேர்டெல்லாம் எடுத்துடுங்க. நாளைக்குப் புது வார்டு திறப்பு விழா."

"எடுத்தா வெளிய கார்ல உக்காந்திருக்கவன்கூட இவங்க பேசுறதக் கேக்கலாம் சார்."

"கேக்கட்டுமே. ராணுவ ரகசியமா பேசப் போறாங்க?"

"'ஏழாம் மாசம். துடிப்பு இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல.' இப்படித்தான் பேசுவாங்க."

மாதங்களுக்கு முன் அவளே கட்டிலில் கிடந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் போனில் சொன்னது அது. விலை சொல்வதுபோல அதை அவள் இப்போது சொல்லி முடித்தாள். கையிலிருந்த போனில் கணவனின் வாசிப்பு நின்றிருந்தது. நிர்வாகி "உங்க இஷ்டம்" என்று நகர்ந்தார்.

பூட்டு அப்படியே இருந்தது. திருப்பத்தில் இன்னொரு பெட்டியை மாட்டினாள். ஒரு பெட்டி அடையாளம் கண்ட போனை மற்றவை மறுபடி விசாரிக்காதபடி அமைத்தாள். பார்வையாளர்களின் வைஃபையைத் தனியாகப் பிரித்தாள். பிறகு மறுபடி நடந்தாள்.

"பேப்பர் முடிஞ்சிடுச்சு" என்றான் அவன்.

"எதாச்சும் பேசு. நிறுத்தக் கூடாது."

பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் பாத்தேன்" என்றான். "உனக்கு அப்ப மயக்கம் தெளியல. துணியில சுத்திக் குடுத்தாங்க. நெத்தி உன்னுது. நல்லா முடி இருந்துச்சு. நீ கேக்கவே இல்ல, நானும் சொல்லல. வெரலு நீள நீளமா..."

திருப்பம் வந்தது, போனது. பேச்சு அறுபடவில்லை. சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. அவள் அதைச் சொல்லவில்லை. புது வார்டுக்குள் நுழைந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டில்களுக்கு நடுவே நின்றாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கும்மா" என்றாள் தரை துடைப்பவள்.

ஒரு காலைத் தூக்கினாள். துடைப்பான் அடியில் போய்த் திரும்பியது. அந்த அம்மா வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். போன் காதில் இருந்தது; அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது.