வரி இலக்கமும் பின்வாசலும்

போத்தலில் இருந்த கொஞ்சத் தண்ணீரில் சவுக்காரத் துண்டை நனைத்து என் கணவர் குகதாசன் முகம் கழுவினார். "பேர் பதியிறவங்கள் மனிசரெண்டு மதிக்கோணுமெல்லோ" என்று சிரித்தார். மிச்சத் துண்டை என்னிடம் நீட்டி, "வச்சிரும், வந்து குளிக்கிறன்" என்றார். போர் முடிந்த கிழமை அது. பெயரைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பலாம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இரண்டு வயது மகள் யதுர்ஷிகாவோடு பதியிற இடத்தின் முன்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்களை ஏற்றிய பஸ் பின்வாசலால் போய்விட்டதென்று பொழுதுபடத்தான் யாரோ சொன்னார்கள்.

யதுர்ஷிகா இப்போது பரந்தனில் ஒரு கடையில் வேலை பழகுகிறாள். வரி இலக்கம் எடுத்துக் கொடுத்தால்தான் நிரந்தரமாக்குவோம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பதினெட்டு வயது தாண்டிய எல்லாரும் பதிய வேண்டுமாம். அதைக் கேட்ட அன்றே அவளுடைய அடையாள அட்டையை எடுத்து நெல்லு மூட்டைக்குள் புதைத்தேன். வீடெல்லாம் தேடினாள். நானும் கூடவே தேடினேன். கடைசியில், கோழிக்கு நெல் அள்ளப் போனவள் அட்டையோடு வந்து நின்றாள்.

"இலக்கம் எடுத்தா வரி கட்டோணும் எண்டில்லையம்மா. என்ர சம்பளம் அந்த எல்லைக்குக் கிட்டவும் போகாது."

"கட்டத் தேவையில்லையெண்டா பிறகேன் பேர்?"

"ஆர் கட்டோணும், ஆருக்குத் தேவையில்லை எண்டு பாக்கத்தான். நீங்களும் வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறியள். சவுக்காரம் வாங்கேக்க அந்த விலைக்குள்ளயே இருக்கு."

"சவுக்காரம் என்ர பேரைக் கேக்கேல்லையே."

சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நாளைக்குக் குடுக்காட்டி வேற ஆளை எடுத்திடுவினம். பயமெண்டா நீங்களும் வாங்கோ."

மறுநாள் கிளிநொச்சி வரி அலுவலகத்தில் அவளை மட்டுந்தான் உள்ளே விட்டார்கள். "இந்தக் கதிரையில இருங்கோ அம்மா, கெதியா முடிஞ்சிடும்" என்றார் வாசலில் நின்றவர். அந்தக் கனிவுதான் என்னை உலுக்கியது. அன்றைக்கும் தண்ணீர் தந்து, அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் இருக்கவில்லை. மதிலோரமாக நடந்து கட்டடத்தின் பின்பக்கம் போனேன். நினைத்தது சரி, அங்கேயும் ஒரு வாசல் இருந்தது. துருப்பிடித்த இரும்புப் படலை, அதில் கைப்பிடியளவு பூட்டு, கம்பிகளில் காய்ந்த கொடி. உள்ளே ஏதாவது வாகனம் உறுமுகிறதா என்று காது கொடுத்தேன். பிறகு படலையில் முதுகைச் சாய்த்து, வழியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

போன் அடித்தது.

"எங்கயம்மா நிக்கிறியள்? எனக்கு முடிஞ்சுது. முன்வாசல்ல நிக்கிறன்."

"தனியவோ?"

"தனியத்தான். வாங்கோ, பசிக்குது."

"ஓம், வாறன்" என்றேன். போகுமுன் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.

பூட்டித்தான் இருந்தது.