எட்டாவது மடிப்பு

என் மதினி பரிபூரணம் என்னோடு நேராகப் பேசி அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. பேசாமல் இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். வாய் ஓயாமல் பேசுவாள், ஆனால் எல்லாம் சுவரைப் பார்த்து. அண்ணனைப் பார்க்க அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றால், "யாரோ பீடி நாத்தத்தோட வந்துருக்காக. வெளிய நின்னு பேசிட்டுப் போகச் சொல்லுங்க" என்று சுவரிடம் சொல்வாள். நானும் அதே சுவரைப் பார்த்து, "நான் எங்கண்ணனப் பாக்க வந்தேன், சுவத்தப் பாக்க வரல" என்பேன். ராஜபாளையத்தில் அந்தச் சுவர் அளவுக்குத் திட்டு வாங்கிய சுவர் வேறு இருக்காது.

காரணம் பீடி. 1982 கடைசியில் எங்கள் அப்பா தொண்டையில் புற்றுநோய் வந்து செத்தார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு குடித்தவர். கடைசி ஒரு மாதம் தண்ணீர்கூட இறங்கவில்லை. அடுத்து வந்த புது வருட ஆராதனை முடிந்ததும் மதினி என்னையும் அண்ணனையும் கோயில் பீடத்துக்கு முன்னால் இழுத்துப் போய், வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லி, இனிமேல் பீடியைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். அண்ணன் தவசிமுத்து சத்தியத்தைக் காப்பாற்றினான். என்னுடையது நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று பற்ற வைத்தபோது பிடித்துவிட்டாள். பீடியைப் பிடுங்கி மிதித்தாள், என்னைப் படியிறக்கினாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. இருந்ததால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம்.

அண்ணன் மில்லில் புளோரூமில் வேலை பார்த்தான். பேல் பேலாக வரும் பஞ்சைப் பிரித்து மிஷினில் போடுகிற இடம். கறுப்புத் தலையோடு உள்ளே போகிறவன் வெள்ளைப் புருவத்தோடு வெளியே வருவான். பீடியையும் தீப்பெட்டியையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு பொறி போதும், மில்லே போய்விடும். புகையிலைக்குத் தடை கிடையாது. அதனால் அங்கே எல்லார் கன்னத்திலும் ஓர் உருண்டை இருக்கும். புகையிலையை ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், தூசி தொண்டைக்குள் இறங்காமல் எச்சிலோடு வெளியே வந்துவிடும் என்று மேஸ்திரி முதல் கூட்டுகிறவர் வரை சொன்னார்கள். தூசிக்கென்று மில்லில் கொடுத்த வெல்லத்தைக்கூட அவர்கள் அவ்வளவு நம்பவில்லை.

மதினியும் புகையிலையை நம்பினாள். அவள் கணக்கு எளிதானது. மாமனாரைக் கொன்றது புகை, புகை இல்லாவிட்டால் நோய் இல்லை. வெற்றிலையும் புகையிலையும் கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற பொருள், ஆராதனை நடத்துகிற ஐயரே எடுத்துக்கொள்கிற பொருள், அதில் என்ன கெடுதல் இருக்கும்? பீடியை விட்ட புருஷனுக்குக் கை சும்மா இருக்கக் கூடாதென்று அவளே தினமும் மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கொழுந்து வெற்றிலை, தடவினது தெரியாத அளவுக்குச் சுண்ணாம்பு, சீவல், நயம் யாழ்ப்பாணப் புகையிலை. ஷிப்டுக்கு ஏழு மடிப்பு. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, தூக்குவாளி மூடிக்கு மேல் வைத்துக் கட்டிவிடுவாள். எட்டாவது மடிப்பு தனக்கு. அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அதை வாயில் போட்டுக்கொண்டு வாசல் பெருக்குவாள். கோயில் பெண்களிடம், "எங்கூட்டு ஆளு பதினோரு வருசமா பீடியத் தொட்டதில்ல" என்று சாட்சி சொல்லுவாள். அடுத்த வாக்கியம் எப்போதும் என்னைப் பற்றியதாக இருக்கும்.

1994 ஆடி மாதம் அண்ணனுக்கு இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். புண் ஆறவில்லை. பல் போன குழியும் ஆறவில்லை. வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாமல் போய், கஞ்சியை உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்தபோதுதான் எல்லோருக்கும் அப்பாவுக்கு வந்த நோயின் பேர் மனதில் வந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாகச் சண்டை போட்டோம்.

மதினி சுவரிடம், "பீடிப் பொகைய ஊதி ஊதி அண்ணனுக்கு ஏத்திட்டுப் போயிட்டாக" என்றாள். நான், "படியிலயே நிக்க விட்டவுக, பொகை உள்ள எப்படி வந்துச்சுன்னு சொல்லட்டும்" என்றேன். "மில்லுப் பஞ்சு அடைச்சிருக்கும்" என்றான் அண்ணன், எங்களை நிறுத்துவதற்காக. யாரும் கேட்கவில்லை.

பிறகு டின் ஞாபகம் வந்தது அவளுக்கு. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூச்சி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். தூள் மருந்து வருகிற தகர டின் நல்ல மூடியோடு, வண்டு ஏறாமல், கனமாக இருக்கும். சோழபுரம், தேவதானம் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் அதற்காகவே கடையில் சண்டை போடுவார்கள், கழுவி எடுத்துப் போய்த் தானியம் கொட்டி வைப்பார்கள். அண்ணன் கல்யாணத்தின்போது நானே சாம்பல் போட்டுத் தேய்த்து ஒன்று கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு அரிசி அதில்தான். அந்த டின்னை அரிசியோடு தூக்கிக் கொண்டுவந்து என் காலடியில் எறிந்தாள். மூடி தெருவில் உருண்டு போய் எதிர்வீட்டு சுந்தரம்மாள் வாசலில் விழுந்தது.

"வெசத்துல அரிசி போட்டுக் குடுத்த மகராசன் இத எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள், சுவரிடம்.

நான் மூடியைக்கூட எடுக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய் என் வீட்டு அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். அதுவும் அதே கடை டின்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை.

மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணனை நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையானவர். எங்கள் வீட்டுச் சண்டையில் வந்த எல்லாவற்றையும் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"பூச்சி மருந்து டின்னுல அரிசி வைக்கிறது தப்பு. பஞ்சுத்தூசி நெஞ்சுக்குக் கெடுதல். பீடி பத்தி உங்களுக்கே தெரியும், உங்கப்பாவப் பாத்திருக்கீங்க" என்றார். "ஆனா இது வந்திருக்கிற இடத்தப் பாருங்க." டார்ச்சை அடித்து அண்ணன் கன்னத்துக்குள் காட்டினார். "புகையிலைய எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?"

அண்ணன் இடது கன்னத்தைத் தொட்டான்.

"அதே இடம். ஆரம்பத்துல இங்க வெள்ளையா ஒரு திட்டு வந்திருக்கும். வலிச்சிருக்காது, அதனால யாரும் பாத்திருக்க மாட்டீங்க. அப்பவே வந்திருந்தா இதுல பாதிக் கஷ்டம்கூட இல்ல. இப்ப கழுத்துல நெறி கட்டுற வரைக்கும் போயிருக்கு."

அந்த நிமிடம் என் மனதில் அண்ணன் இல்லை. இவ்வளவு கேவலமானவன் நான். மதினியின் முகம்தான் வந்தது. போய்ச் சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், இனித்தது.

ஆபரேஷனில் தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அண்ணனால் பேச முடியவில்லை, நோட்டில் எழுதிக் காட்டினான். முதலில் எழுதியது தண்ணீர் வேண்டும் என்று. இரண்டாவது எழுதியது: "புகையிலைன்னு பரிபூரணத்துக்குத் தெரிய வேண்டாம். அவ கையால மடிச்சது. தாங்க மாட்டா." படித்துவிட்டுத் தலையாட்டினேன். என் தலையாட்டலின் மதிப்பு அவனுக்குத் தெரியும். தலையணைக்கு அடியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து நீட்டினான். கை வைத்தேன்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அண்ணன் மகனும் நானும் மாறி மாறித் துணைக்கு இருந்தோம். மதினி பகலில் வந்து பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவாள். ஆபரேஷன் ஆகி எட்டாம் நாள் ரேஷன் கார்டு வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அதை வாங்க ராஜபாளையம் போனேன்.

அவள் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கார்டை எடுத்து நான் நின்ற படியில் வைத்தாள். அதன் மேல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பொட்டலத்தை வைத்தாள். ஏழு மடிப்பு.

"மதுரைக்குப் போறவுக இதையும் குடுத்துரட்டும்" என்று சுவரிடம் சொன்னாள். "மருந்து நாத்தத்துல அவியளுக்கு வாயி வெறுத்துப் போயிருக்கும். நல்ல பக்கமாப் பாத்து ஒண்ணு ஒதுக்கிக்கிட்டா செத்த நேரம் தெம்பா இருக்கும். பீடி குடிக்கிறவுகளுக்குத்தான் இங்க ஒரு நோவும் வரல. கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

பேசாமல் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். பொட்டலத்தை வழியில் சாக்கடையில் போட்டிருக்கலாம். அதற்குத்தானே அண்ணன் சத்தியம் வாங்கினான்.

"மதினி, இதுதான் எங்கண்ணன் தாடையத் தின்னது" என்றேன். "என் பீடி இல்ல, டின்னு இல்ல, பஞ்சு இல்ல. டாக்டரு டார்ச் அடிச்சுக் காட்டுனாரு. நீங்க மடிச்சுக் குடுத்தத அவன் எங்க ஒதுக்குனானோ அங்கதான் வந்துருக்கு. அம்புட்டும் ஒங்க கைப்பக்குவம். ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எழுதிக் காட்டுனான். என்னால மறைக்க முடியாது. தெரிஞ்சுக்கிடுங்க."

சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவள் அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் கன்னத்தில் அப்போதும் எட்டாவது மடிப்பு இருந்தது. அதை விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய்த் துப்பினாள். செம்பில் தண்ணீர் எடுத்து மூன்று தடவை கொப்பளித்தாள். பிறகு நான் நின்ற வாசல் வெளிச்சத்துக்கு வந்து, கன்னத்தை விரலால் விலக்கி, வாயைத் திறந்தாள்.

பதினோரு வருடம் என்னைத் திட்டிய வாய். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், சுண்ணாம்பு தடவியதுபோல, வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

"ஆறு மாசமா மொளகா பட்டா எரியுது" என்றாள், வாயை மூடிவிட்டு, பழைய சுவரிடமே. "சுண்ணாம்பு சுட்டுருக்கும்னு நெனச்சேன்."

அண்ணன் கேட்டபடி நான் நல்லவனாக இருந்திருந்தால் இவள் நாளைக்கும் எட்டாவதை மடித்திருப்பாள். நான் அதற்காகச் சொல்லவில்லை. அவளைக் குத்துவதற்காகத்தான் சொன்னேன்.

"சேலைய மாத்திட்டு வாங்க. ஒம்பதரை பஸ்ஸுக்குப் போவோம்" என்றேன்.

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால். திருமங்கலம் வந்ததும் ஜன்னல் கம்பியிடம், "என் கையாலயே" என்றாள். அவ்வளவுதான்.

அதே டாக்டர்தான் பார்த்தார். சதை கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். "முடிவு வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா பாத்த வரைக்கும் இன்னும் புத்துநோயா மாறல. இன்னையிலருந்து வெத்தலை, சீவல், புகையிலை எதுவும் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். நல்ல நேரத்துல யாரோ கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றார். அந்த யாரோவான நான் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டுக்குப் போனோம். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததுமே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. நோட்டை இழுத்து, "சொல்லிட்டியா?" என்று எழுதினான். "சொல்லிட்டேன்" என்றேன். பென்சிலை என் மேல் எறிந்தான். இரண்டாவது சத்தியத்தையும் முறித்துவிட்டாயே, நாயே என்று அவன் கண் சொன்னது.

மதினி கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து, வெள்ளைத் திட்டையும் வெட்டிய இடத்தில் வைத்த பஞ்சையும் காட்டினாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் அவள் கன்னத்தை வெளியிலிருந்து தொட்டு வெகுநேரம் அப்படியே இருந்தான். கட்டுப் போட்ட முகத்தில் கண்ணீர் துணிக்குள் இறங்கியது. அவளும் அப்போதுதான் அழுதாள்.

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். தலையணைக்கு அடியில் கை விட்டு வேதப்புத்தகத்தை எடுத்து நீட்டி, என் சட்டைப் பையைக் காட்டினான்.

நான் புத்தகத்தின் மேல் கை வைக்கவில்லை. அதில் என் சத்தியம் நிற்காது என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று. பையிலிருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"நாலு நாள்" என்றாள் மதினி. ஆஸ்பத்திரிச் சுவர் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.