சாரனை வீசித் திருப்பிய விமானம்

ஒரு பெரிய பயணிகள் விமானத்தை என் இடுப்பில் கட்டியிருந்த சாரனை வீசித் திருப்பியவன் நான். கல்முனைக் கடற்கரையில், பட்டப்பகலில். அது அவ்வளவு தாழ வந்தது, சக்கரக் காற்றில் என் தாடி வகிடு பிரிந்து நின்றது. சாரனைக் கழற்றினால் உள்ளே என்ன என்று கேட்பவர்களுக்கு: பஸ் கொண்டக்டர் வேலையில் கடைசி நாள் போட்ட காக்கிக் காற்சட்டை.

விமானத்தில் இருந்தவன் முஸ்தாக், என் தங்கை றாஹிலாவின் ஒரே மகன். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில் விமானியாகப் பழகிக்கொண்டிருந்தான். பயணிகள் இல்லாத வெறும் விமானத்தில் நாட்டின் தெற்கே ஒரு விமான நிலையத்தில் பயிற்சி.

"செவ்வாய்க்கிழம அசறுத் தொழுகைக்குப் பிறகு நம்மட கரையால வருவன் மாமா. வலைக்காரன் மாதிரிக் காட்டுங்க" என்று போனில் சொல்லியிருந்தான்.

கரைவலைக்காரர்கள் மீன்கூட்டத்தைக் கண்டால் கரையில் நின்று துணியை வீசுவார்கள். வீசும் பக்கம் தோணி திரும்பும். அந்த மணலில் விளையாடி வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? அவனுக்கு இடப்பக்கமாக வீசினேன். விமானம் இடச்சிறகைச் சாய்த்தது. அந்தக் காற்றில் பக்கத்துப் பெரியநீலாவணைத் தோணிகள் தெற்கே வெகுதூரத்துக் கோமாரியில் போய்க் கரையேறின.

எனக்குப் பின்னால் நின்றவர் றாஹிலாவின் கணவர் ஹமீட். நான் மழை பெய்கிறது என்றால் முற்றத்தில் கை நீட்டிப் பார்க்கிற மனிதர். றாஹிலா வரவில்லை. அடுப்பில் சோறு.

அடுத்த கிழமை, ஓடுபாதையைத் தொட்டு எழும்பிய அதே விமானம் முஸ்தாக்கோடு கடலில் விழுந்தது. எவ்வளவு தேடியும் அவன் மையித்துக் கிடைக்கவில்லை. முன்னால் உடல் வைக்கும் சந்தூக்கு இல்லாமல் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுதோம். அதில் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பிறகு ஒரு நாள் றாஹிலா கேட்டாள்.

"காக்கா, என்ட புள்ள நம்மட ஊருக்கு மேலால வந்து சிறக ஆட்டிக் காட்டினது மெய்தானா?"

"மெய்தான் தங்கச்சி. சிறகு தென்னோலையில உரசிச்சு."

பாழாய்ப்போன வாய். அவள் கணவரைப் பார்த்தாள்.

"காக்கா ஒண்ட நூறாக்குவார். நீங்க சொல்லுங்க."

"அப்பிடி ஒண்டும் நடக்கல்ல" என்றார் ஹமீட்.

என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், வாயப் பொத்துங்க. விசாரிக்கிற ஆக்கள் வரப்போறாங்க. சிறக ஆட்டினவன் எண்டு தெரிஞ்சா, புள்ள விளையாடித்தான் விழுத்தினான் எண்டு அவன்ட தலையில போட்டுருவானுகள். மௌத்தானவன் எழும்பி வந்து பதில் சொல்லுவானா?"

"நான் சொல்லி எவன் மச்சான் நம்பப்போறான்? பஸ்ஸில மாட்டுக்கு டிக்கெட் கிழிச்சன் எண்டவன் நான். ஊருக்கு நீங்க ஒண்டும் சொல்ல வேணாம். அவளுக்கு?"

உள்ளே றாஹிலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடல் கூப்பிடு தூரம். நான் சோத்தப் பாத்துக்கிட்டு நிண்டுட்டன். வந்தானா, வரல்லியா எண்டுகூட எனக்குத் தெரியா."

ஹமீட் உள்ளே போய் அவளருகே தரையில் உட்கார்ந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஓம், றாஹிலா. வந்தான். இடப்பக்கம் சரிச்சான், கண்ணால கண்டன். காக்கா முன்னால நிண்டு சாரன வீசினார். அவருக்குப் பின்னால, அவருக்குத் தெரியாம, நானும் இந்தத் தொப்பியக் கழட்டி வீசின நான்."