வயிறு வலிக்கச் சிரித்தேன்

1

வெட்கத்தில் பிறந்த கதை இது என்று தொடங்கினேன். படித்துப் பார்த்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் அண்ணி என்னை ஒரு கேள்வி கேட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் இதை எழுத ஆரம்பித்தேன். (பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கதை எழுதுகிறவன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கே தெரியும்.)

2

நான் ஒரு வலைப்பதிவுத் தளத்தில் எழுதுகிறவன். சொந்தச் சரக்கு எப்போதாவது ஒன்று வரும். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் பதிவை எடுத்து, மேலே ஒரு பாராட்டு வரி போட்டுப் பகிர்வேன். நான் அவரைப் பகிர்ந்தால் அவர் என்னைப் பகிர்வார், இரண்டு பக்கமும் கூட்டம் சேரும். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளிப் பரிமாறினேன்.

பாராட்டு வரிகள் போனில் தயாராக இருக்கும். தலைப்பு சோகமாக இருந்தால் ‘கண் கலங்கிவிட்டது’. அரசியல் வாடை அடித்தால் ‘சாட்டையடி’. வேடிக்கையாக இருந்தால் ‘வயிறு வலிக்கச் சிரித்தேன், தவறவிடாதீர்கள்’. பதிவைத் திறந்து படிக்க எனக்கு நேரம்

(இந்த வாக்கியம் பொய்யாகப் போகிறது, விட்டுவிடுகிறேன்.) படிக்க மாட்டேன். அவ்வளவுதான்.

‘ஆ காட்டுங்க’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிவந்தார். பெயரே சிரிப்பாக இருந்ததால் அவருடைய பதிவு எதுவானாலும் எனக்கு வயிற்று வலிதான். பதிலுக்கு அவரும் என் பதிவுகளைத் தவறாமல் பகிர்வார். ஆனால் அவர் போடும் வரி தயார் வரியாக இருக்காது. ‘மூன்றாவது பத்தியில் வரும் நாய்க்குட்டி பாவம்’ என்பதுபோல ஏதாவது இருக்கும். என்ன மனுஷரப்பா, வேலைவெட்டி இல்லையா என்று நினைத்திருக்கிறேன்.

3

போன வாரம் அவருடைய பதிவு ஒன்றை வழக்கம்போலப் பகிர்ந்தேன். கூட்டம் அலைமோதியது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மைகள் வந்து குவிந்தன. ‘என்ன சோப்பு சார் அது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு பெண், ‘எனக்குச் சிரிப்பு வரவில்லையே, நான் எதையாவது சரியாகப் படிக்கவில்லையா?’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் போடுவதற்காகத்தான் முதல்முறையாகப் பதிவைத் திறந்தேன்.

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியது. டாக்டர் லீவு என்பதால் மத்தியானமே வீட்டுக்கு வந்திருக்கிறார். குளியலறையில் குழாய் முழு வேகத்தில் ஓடுகிறது, வாளி நிரம்பித் தண்ணீர் வழிகிறது. அந்தச் சத்தத்துக்கு அடியில் கணவர் விம்மி விம்மி அழுவது கேட்கிறது. வேலை போய்விட்டது என்று அவர் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வெளியே வந்தவர், தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், ‘கண்ணுல சோப்பு பட்டுடுச்சு’ என்கிறார்.

அப்பா இறந்த அன்று என் அண்ணன் சொன்ன அதே பொய். அவருக்கு வேறு பொய் தெரியாது.

ஒரே ஒரு பதிவைப் படித்திருந்தால்கூட அது அண்ணி என்று கண்டுபிடித்திருப்பேன். பதிவு இப்படி முடிகிறது: ‘இதை அவர் தம்பி கட்டாயம் படிப்பார். நான் எழுதும் எல்லாவற்றையும் படிப்பவர். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், சும்மா ஒரு போன் போட்டால் போதும்.’

அதற்கு மேலே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் என் வயிற்று வலி.

4

(இந்த இடத்தில் அண்ணி கோபப்படும் காட்சி ஒன்று எழுதி வைத்திருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அவர் கோபப்படவில்லை என்பதால் எடுத்துவிட்டேன். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.)

வரவேற்பறை மேஜையில் இருந்த அண்ணி, கன்னம் வீங்கிய ஒரு பெரியவருக்கு டோக்கன் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வாங்க தம்பி. சாப்பிட்டீங்களா?”

“அண்ணி, அந்தப் பதிவு...”

“அவரோட பழைய ஆபீஸ் ஆளு யாரோ, நல்ல ஜோக்குன்னு அவருக்கே அனுப்பிட்டாங்க. மேல உங்க பேரு இருந்துச்சு. நேத்துலேர்ந்து என்கிட்டயும் பேசல, சாப்பிடவும் இல்ல.” குரலைத் தணித்துக்கொண்டார். “நான் அவர்கிட்ட சொன்னேன், தம்பி அப்படிப்பட்டவர் இல்ல, அதுல வேற ஏதோ அர்த்தம் இருக்கும்னு. நீங்க படிச்சுட்டுதானே போட்டீங்க?”

படித்தேன் என்றால், என் அண்ணன் அழுததைப் பார்த்து ஊரைக் கூட்டிச் சிரித்தவன் ஆவேன். படிக்கவில்லை என்றால், அவர் எழுதிய எதையுமே நான் படித்ததில்லை என்று ஆகிவிடும். வீட்டில் தன்னைப் படிக்க ஒருத்தனாவது இருக்கிறான் என்று அவர் நம்பியிருந்தார்.

“பல் வலி அண்ணி,” என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அண்ணி எனக்கும் ஒரு டோக்கன் எழுதிக் கொடுத்தார்.

5

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

முதல் முடிவில் நான் உண்மையைச் சொல்கிறேன், அண்ணி மன்னிக்கிறார். (அவரிடம் கேட்காமல் அவர் சார்பில் நானே மன்னித்துக்கொள்வது. இதுவும் ஊரான் வீட்டு நெய்தான்.)

இரண்டாவதில் கணக்கை மூடிவிட்டு எழுதுவதையே நிறுத்துகிறேன். அதற்கும் நாலு பேர் ‘கண் கலங்கிவிட்டது’ என்று போடுவார்கள், நான் அதை எண்ணிப் பார்ப்பேன். வேண்டாம்.

மூன்றாவதை எழுதவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன். எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன், ஒரு பக்கம் வேண்டிக்கொள்ளவும் செய்தேன். எடுத்துவிட்டார்.

“சொல்லுடா,” என்றார்.

ஊரில் உள்ளவர்கள் எழுதியதற்கெல்லாம் வரி வைத்திருந்தேன், இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அதனால் கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள். அண்ணன் லைனில் இருக்கிறார்.